நடு லேனில் ஓடுகிற பிள்ளைக்கு

அன்பு மகளுக்கு,

போன மாதம் உன்னுடைய புது ஃபிளாட்டைப் பார்க்க மூன்று பேருமாக லண்டனில் இருந்து லீட்ஸுக்கு வந்தோமே, அன்றைக்கு முழுத் தூரமும் நீதான் கார் ஓடினாய். ரெயிலில் திரும்பி வரும்போது பிள்ளை என்ன ஆறுதலாக ஓடுகிறாள் என்று அம்மா சொல்லிச் சொல்லி வந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு விசயத்தை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அம்மா பின்னுக்கு இருந்ததால் சொல்லவில்லை, அவர் கேட்டால் பயந்துபோய், இனி நீ கார் எடுக்கிற ஒவ்வொரு முறையும் போனும் கையுமாக இருப்பார். போனில் சொன்னால் நீ "ஓகே அப்பா" என்று வைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

லட்டர்வர்த் தாண்டியதில் இருந்து லெஸ்டர் ஃபொரஸ்ட் ஈஸ்ட் சேர்விஸ் வரை, பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும், நீ நடு லேனை விடவே இல்லை. உன்னுடைய வேகம் மணிக்கு 60, 62 மைல். இடது லேன் பல இடங்களில் வெறுமையாகக் கிடந்தது. வலது பக்கத்தால் கார்கள் ஒவ்வொன்றாக உன்னைச் சுற்றிக்கொண்டு போனதை நீ கவனித்தாயோ தெரியாது.

அந்தச் சேர்விஸ் மோட்டர்வேக்குக் குறுக்கே பாலம் மாதிரிக் கட்டியது. நீங்கள் இரண்டு பேரும் கோப்பி வாங்கப் போன நேரம் நான் யன்னல் கண்ணாடியோடு நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் விளங்கும். யாரோ ஒருவர் நடு லேனில் மெதுவாக வருகிறார், அவருக்குப் பின்னால் ஒரு லொறி, லொறிக்குப் பின்னால் வரிசை. மூன்று லேன் உள்ள இடத்தில் பெரிய லொறிகள் வலது கடைசி லேனில் ஏறக் கூடாது, அது சட்டம். இடது பக்கத்தால் முந்துவதும் பிழை. அப்ப அந்த லொறிக்காரர் என்ன செய்வார்? அவருக்குப் போக வழியே இல்லை. இடது லேன் சும்மா கிடக்க, பின்னால் வருகிற எல்லாரும் ஒரே ஒரு வலது லேனுக்குள் நெருக்குப்பட்டுப் போகிறார்கள். முன்னால் வந்தவருக்கோ தன் பின்னால் நடக்கிற எதுவும் தெரியாது. கையில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, தான் மிகவும் கவனமாக ஓடுவதாகத்தான் நினைத்திருப்பார்.

எனக்கு அது தெரியும், நானும் இங்கு வந்து கன வருசம் அப்படித்தான் ஓடினேன். நான் கார் பழகியது ஊரில். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் ஒரு வாகனத்தை முந்துவதென்றால் எதிரே வருகிறவனின் பாதையில் ஏறித்தான் முந்த வேண்டும். ஹோர்ன் அடித்துச் சொல்லிவிட்டு, முன்னால் போகிறவன் கொஞ்சம் ஓரமாக அரக்கித் தந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி முடிக்க வேண்டும். இங்கே வந்து மூன்று லேனும் ஒரே பக்கம் போவதைக் கண்டபோது, இடது லொறிகளுக்கு, வலது அவசரக்காரருக்கு, நடு எங்களைப் போல குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரும் திருத்தவில்லை.

பிறகு ஒரு இரவு, நீ சின்னப் பிள்ளை, பின் சீற்றில் நித்திரை. மழை. நான் நடு லேனில். பின்னால் வந்த வான்காரர் லைட்டை இரண்டு தரம் வெட்டினார். எனக்கு அந்தரம் பிடித்துவிட்டது, சரி இடம் விடுவோம் என்று இடது பக்கம் திருப்பினேன். அதே நேரத்தில் அவரும் பொறுமை இழந்து இடது பக்கத்தால் ஏறிவிட்டார். அம்மா கத்தினதால் நான் திரும்பவும் நடுவுக்கு வந்தேன். இடையில் ஒரு கை அகலம் இருந்திருக்காது. நீ எழும்பவே இல்லை. அவர் செய்தது பிழைதான், ஆனால் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது நான்தான் என்று எனக்கு விளங்க இன்னும் சில மாதம் எடுத்தது.

இங்கத்தைய வீதி விதிப் புத்தகமான ஹைவே கோட்டில் 264ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: முன்னால் பாதை திறந்திருந்தால் இடது லேன், மற்ற இரண்டும் முந்துவதற்கு, முந்தி முடிந்ததும் திரும்ப இடதுக்கு. மெது லேன், வேக லேன் என்று எதுவும் இல்லை. நாங்கள் வந்த எம்1 மோட்டர்வேயில் கன இடத்தில் இப்போது நான்கு லேன், ஓரத்தில் ஒதுங்கத் தனி லேனும் இல்லை, ஆனாலும் இதே விதிதான். மேலே உள்ள பலகையில் உன் லேனுக்குச் சிவப்பு எக்ஸ் காட்டினால் அந்த லேன் மூடியிருக்கிறது, அப்போது மட்டும் ஒரு யோசனையும் வேண்டாம், உடனே பார்த்து அடுத்த லேனுக்கு மாறிவிடு.

லொறிக்குப் பக்கத்தில் போகப் பயம் என்று சொன்னாய். சரி, அதையே கணக்காகப் பார். அவர்களின் எஞ்சினை 56 மைலோடு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நீ 60இல் நடு லேனால் போனால் அந்தப் பதினாறரை மீட்டர் லொறியின் பக்கத்தில் ஒன்பது வினாடி தொங்கிக்கொண்டு போவாய். 70இல் போனால் மூன்று வினாடி கூட இல்லை. ஆகவே பயமென்றால் இடது லேனில் அவருக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு 55இல் போ, ஒரு குறையும் இல்லை. முந்துவதென்றால் தள்ளி நின்று பார்த்து, கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேலால் ஒரு பார்வை, பிறகு தயங்காமல் முந்தி, லொறியின் முழு முன்பக்கமும் உன் நடுக் கண்ணாடியில் தெரிந்த பிறகு இடதுக்கு வா. ஐரோப்பிய நம்பர் பிளேட் உள்ள லொறியென்றால் இன்னும் கவனம், ஓட்டுநர் இடது பக்கத்தில் இருக்கிறார், நீ முந்துகிற வலது பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாது.

இரண்டு லொறிகள் ஒன்றையொன்று முந்தும்போது மட்டும் கோபப்படாதே. வேக வித்தியாசம் மணிக்கு ஒரு மைல்தான், முந்தி முடிக்க ஒரு மைலுக்கு மேல் ஓட வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் அது குறையப் போவதில்லை. 70இல் நிற்க 96 மீட்டர் தேவை, இரண்டு வினாடி இடைவெளி எப்போதும், மழையில் நான்கு.

உன் பின்னால் யாராவது ஒட்டி வந்தால் அவருக்குப் பாடம் படிப்பிக்க வெளிக்கிடாதே, பிரேக்கைத் தட்டிக் காட்டாதே. இடதுக்கு விலகி அவரைப் போக விடு. 70 மைல் எல்லைக்கு மேல் போகிறவரைத் தடுப்பது உன் வேலை இல்லை. லைட் வெட்டினால் "நான் இங்கே இருக்கிறேன்" என்பதுதான் அதன் பொருள், நீ வரலாம் என்று எடுத்துக்கொண்டு லேன் மாறாதே. யாராவது மோட்டர்வேக்கு ஏறுகிற பக்கப் பாதையான ஸ்லிப் ரோட்டால் ஏறி வருவதைக் கண்டால், நடு லேன் வெறுமையாக இருந்தால் அங்கே போய் இடம் கொடு, அவர் ஏறியதும் திரும்பி வா. நடு லேனை அப்படித்தான் பாவிக்க வேண்டும்.

இரவில் மழையில் கோடுகள் தெரியாவிட்டால் ரோட்டில் பதித்திருக்கிற, வெளிச்சம் பட்டால் மின்னுகிற கேட்ஸ் ஐயைப் பார்: லேன்களுக்கு நடுவே வெள்ளை, இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் மஞ்சள், ஸ்லிப் ரோட்டுக்குப் பிரிகிற இடத்தில் பச்சை. அதைக் கண்டுபிடித்த பேர்சி ஷோ உனக்குக் கிட்ட இருக்கிற ஹலிஃபக்ஸ்காரர்தான், 1934இல். என்னைக் கன தரம் காப்பாற்றியவர் அந்த மனிதர்.

இன்னொன்று. 2013 ஓகஸ்டில் இருந்து நடு லேனைப் பிடித்துக்கொண்டு ஓடினால் பொலிஸ் நிற்பாட்டி 100 பவுண்ஸ் தண்டமும் லைசன்ஸில் மூன்று தண்டப் பொயின்ட்டும் தரலாம். உனக்கு லைசன்ஸ் கிடைத்து இரண்டு வருசம் ஆகவில்லை, ஆறு பொயின்ட் சேர்ந்தால் அது போய்விடும், எழுத்துச் சோதனையில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். காசைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த வான் வந்த பக்கத்துச் சீற்றில்தான் நீ நித்திரையாக இருந்தாய்.

ஈஸ்டர் லீவுக்கு வரும்போது தனிய வெளிக்கிடாதே. நான் முதல் நாள் ரெயிலில் வந்துவிடுகிறேன், இரண்டு பேருமாக எம்1ஆல் இறங்கி வருவோம், நீதான் ஓட வேண்டும். லெஸ்டர் ஃபொரஸ்ட் ஈஸ்டில் நிற்பாட்டி அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்போம். அதற்கு முதல் முன் டயர் இரண்டுக்கும் காற்றுப் பார்த்து வை, அன்றைக்கு இடது டயர் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

அன்புடன்,
அப்பா