உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம்தான், முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. மாத்திரை போடு என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். தம்பியின் மாற்றல் இன்னும் முடிவாகவில்லை. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அவ்வளவு அனுப்ப வேண்டாம் என்று போன தடவையே சொன்னேன்.

தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறாய்? ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவளிடமே கேட்கிறாரே என்று நினைக்காதே. ஓயாமல் அலைகிறவர்கள்தான் தங்களுக்கென்று வரும்போது அசட்டையாக விட்டுவிடுவார்கள். முகாமில் எல்லாரும் குடிக்கிற குடத்திலிருந்தே நீயும் குடிப்பாய், எனக்குத் தெரியும்.

மூன்று வாரமாக உன் குரல் கேட்கவில்லை. வேலை இருக்கும். 'நல்லா இருக்கேன்பா, கொஞ்சம் பிஸி' என்று வந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொன்னாள், படித்தேன். அவ்வளவுதான் எழுதியிருக்கிறாளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உங்கள் குழுவுக்கு விருது கொடுத்த படம் பேப்பரில் வந்திருந்தது. தம்பி அதைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுத்தான். மேடையில் உங்கள் இயக்குநர், பக்கத்தில் இரண்டு பேர், கையில் பதக்கம். பின்வரிசையில் பதினோரு பேர். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ இல்லை. அந்தத் தேதியில் நீ முகாமில் இருந்தாய் என்று அப்புறம்தான் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விடு. பதினாறு வருஷம் அந்தச் சேற்றில் நடந்தவளுக்கு ஒரு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது பெரிய குறைதான், மறைக்கவில்லை.

ஆனால் தம்பி இன்னொரு படமும் எடுத்துக் கொடுத்தான், உங்கள் அறிக்கையின் அட்டைப் படம். ஒரு குழந்தையின் வாய், ஒரு கரண்டி, கரண்டியைப் பிடித்திருக்கும் ஒரு கை. முகம் கிடையாது, பெயரும் போடவில்லை. அந்த மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. நான் ஊசி போட சிரிஞ்ச் கொதிக்கவைத்த பாத்திரத்தைத் தொட்டு ஏழு வயதில் நீ சுட்டுக்கொண்ட தழும்பு. அம்மாவிடம் சொல்லாமல் நாம் இரண்டு பேரும் இரண்டு நாள் மறைத்தோமே, அதே தழும்பு. படத்தை அம்மாவிடம் காட்டினேன். யார் கை தெரிகிறதா என்று கேட்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

இதைத்தான் அன்று போனில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

நூலகத்தில் உட்கார்ந்து இந்த மூன்று வாரமாக இந்த விருதுகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை ஓடவில்லை. தாய்லாந்தில் இளவரசர் மஹிடோல் பெயரில் ஒரு விருது இருக்கிறது, உனக்குத் தெரியாமல் இருக்காது. 1892-ல் பிறந்தவர். ஜெர்மனியில் கடற்படைப் பயிற்சி முடித்த மனிதர் அதை விட்டுவிட்டு, அமெரிக்கா போய்ப் பொது சுகாதாரமும் மருத்துவமும் படித்தார். திரும்பி வந்து சியாங் மாய் ஆஸ்பத்திரியில் சாதாரண டாக்டராக வேலை பார்த்தார். 1929-ல், 37 வயதில் போய்விட்டார். அவர் பிறந்து நூறு வருஷமானதையொட்டி 1992-ல் அந்த விருதை ஏற்படுத்தினார்கள். மருத்துவத்துக்கு ஒன்று, பொது சுகாதாரத்துக்கு ஒன்று. இரண்டையும் சரிசமமாக வைத்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. என் காலத்தில் மருத்துவம் என்றால் ஊசி. மற்றதெல்லாம் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ்.

2006-ல் அதில் பொது சுகாதாரத்துக்கான விருதை மூன்று பேருக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ், திலீப் மகலனாபிஸ். எதற்காக என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேதிக்குக் கொடுக்கிற, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீருக்கு. நாலினும் கேஷும் 1968-ல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

மகலனாபிஸ் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1971-ல் வங்கதேசப் போர் சமயம். எல்லையில் பங்கான் ஆஸ்பத்திரி. அகதிகள் லட்சக்கணக்கில் வருகிறார்கள், கூடவே காலராவும் வருகிறது. தரையெல்லாம் நோயாளிகள், கால் வைக்க இடமில்லை. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வருகிறது. கல்கத்தாவில் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் எடை போட்டு, பாலிதீன் பைகளில் நிரப்பி, இஸ்திரிப்பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். பங்கானில் அதைக் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். கூட வந்த சொந்தக்காரர்களே குவளையில் பிடித்து ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அந்தத் தண்ணீர் குடித்தவர்களில் இறந்தவர்கள் 3.6 சதவீதம்.

அது 1971. விருது 2006. நடுவில் 35 வருஷம். நம் நாட்டின் பத்ம விபூஷண் அவர் பெயருக்கு வந்தது 2023-ல், அவர் இறந்த அடுத்த வருஷம். இதை உனக்கு ஆறுதலாகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைக் காத்திரு என்று சொல்லவில்லை. 35 வருஷம் காத்திருக்க எனக்கும் அம்மாவுக்கும் ஆயுசும் கிடையாது.

அதிகமாக வெயிலில் அலையாதே. ராத்திரி நேரத்தில் தனியாக வண்டியில் போகாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

சர்க்கரை எதற்கு என்று நீ கல்லூரியில் படிக்கும்போது எனக்கு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாயே, நினைவிருக்கிறதா? குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது, உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீர் போகிறது, எவ்வளவு பேதி ஆனாலும் அந்த வழி அடைபடுவதில்லை என்றாய். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதுவரைக்கும் சர்க்கரை சுவைக்காகப் போட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருபது வருஷம் கம்பவுண்டராக இருந்தவன்.

வங்கதேசத்தில் பிராக் என்கிற தொண்டு நிறுவனம் இந்தத் தண்ணீரைச் சொல்லிக்கொடுக்க 1980-லிருந்து வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், ஒவ்வொரு தாய்க்கும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு வேறொருவர் வந்து அந்தத் தாய்மாரிடம் கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார்களோ அதற்குத் தக்கபடிதான் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம். அந்தப் பெண்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்த எந்த விருதிலும் இல்லை. நீ சொல்வாயே, 'எங்க வேலையில எதுவும் நடக்கலைன்னாதான்பா ஜெயிச்சோம்னு அர்த்தம்' என்று. நடக்காமல் போன சாவுக்கு யார் வீட்டில் போய் நன்றி வாங்குவது?

ஆனால் அதில் இன்னொரு விஷயம் இருந்தது. அதைப் படித்ததிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ஆரம்பத்தில் தாய்மார்கள் அதைச் செய்யவில்லை. ஏன் என்று விசாரித்தால், சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் அவர்களே வேறு மருந்தைத் தேடிப் போனார்கள். அப்புறம் அவர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய், அந்தத் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது என்று காட்டிய பிறகுதான் மாறியது.

பாப்பா, என் மேசையின் இரண்டாவது டிராயர் உனக்கு நினைவிருக்கும். நூல்கண்டும் கத்தரிக்கோலும் எடுக்க நீதான் அதை அடிக்கடி திறப்பாய். அதில் அந்தப் பொட்டலங்கள் இருந்தன. இலவசமாக வந்தவை. ஈரம் பட்டுச் சிலது கட்டியாகிப் போயிருந்தது. இது என்னப்பா என்று ஒரு தடவை நீ கேட்டாய். சும்மா உப்பும் சர்க்கரையும், டாக்டர் இல்லாத ஊருக்கு அனுப்புவது என்றேன்.

பேதி என்று வந்தால் நாங்கள் பாட்டில்தான் ஏற்றினோம். வருகிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள். பாட்டில் தொங்கினால்தான் அவர்களுக்கு வைத்தியம் நடந்த திருப்தி. எங்களுக்கும் பாட்டிலில்தான் காசு. பொட்டலத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் யார் ஃபீஸ் கொடுப்பார்? டாக்டர் மேல் நான் பழி போடவில்லை. அவர் இல்லாத ராத்திரிகளில் முடிவு எடுத்தது நான்தான்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா தம்பியைப் பெற்று ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், நீ என்னோடு கிளினிக் பெஞ்சில் படுத்துக்கொள்வாய். மழை. ஒரு பெண் ஒன்றரை வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. டாக்டர் வெளியூர். நான் நரம்பு தேடினேன். கையில் குத்தினேன், காலில் குத்தினேன், தலையில் குத்தினேன். வற்றிப்போன உடம்பில் நரம்பு எங்கே கிடைக்கும்? அந்தப் பிள்ளை நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான். "தண்ணி கேக்குறான், ஒரு வாய் கொடுக்கட்டுமா அண்ணே?" என்றாள் அவள். வேண்டாம், வாந்தி எடுப்பான் என்றேன்.

இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கரண்டி கரண்டியாகக் கொடு என்று நீ ஊரெல்லாம் சொல்கிறாய். அன்று அந்தப் பிள்ளையால் குடிக்க முடிந்திருக்கும். கேட்டானே. டிராயர் எனக்கு ஐந்தடி தூரத்தில் இருந்தது. நான் ஊசியை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்னால் அவள் அவனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள், ராத்திரி முழுக்க நான் பாடுபட்டேன் என்று.

மறுநாள் டாக்டரிடம் ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். நோட்டிலும் அப்படித்தான் எழுதினேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ பொது சுகாதாரம் படிக்கப் போகிறேன் என்றபோது, டாக்டருக்கே படிக்கலாமே, இதில் என்ன பேர் கிடைக்கும் என்று ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அது உன் மேல் இருந்த கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாயா? எந்த டிராயரைத் திறக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயம்.

அப்படிப்பட்டவன், விருது என்று நீ போன் பண்ணியதும் முதலில் கேட்டது 'உன் பேர் இருக்கா?' என்று. நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. இல்லப்பா என்றாய். அப்புறம் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். லைன் சரியாகத்தான் இருந்தது. உன் பின்னால் ஒரு குழந்தை அழுதது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வேலையை விட்டுவிடலாம் என்று இருப்பதாகத் தம்பியிடம் சொன்னாயாம். அவனைத் திட்டாதே, நான்தான் நச்சரித்துக் கேட்டேன். உடம்பு முடியவில்லை என்றால் வா. அலுத்துவிட்டது என்றாலும் வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. அப்பா கேட்ட கேள்விக்காக என்றால் மட்டும் விடாதே. அந்த மேடையில் நிற்கிறவர்களுக்கு நீ குறைந்தவள் இல்லை. உன் பெயரைப் போடாதது தப்புதான், அதை நீ அவர்களிடம் கேட்க வேண்டும், கூச்சப்படாமல் எழுதிக் கேள். நான் கேட்டது வேறு. எனக்காகக் கேட்டேன்.

அம்மாவுக்கு மாத்திரை பற்றி ஒரு வார்த்தை சொல். கண்ணாடியை மாற்று, போன வருஷமே எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றாய். தண்ணீர் விஷயம் மறக்காதே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ராத்திரி அவள் போன பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். நீ பெஞ்சில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். கண் மூடியிருந்தது. ஆனால் போர்வைக்கு வெளியே உன் கால் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு விளக்கை அணைத்தேன். நீ தூங்கினாயா பாப்பா?

எழுத வேண்டாம், போனில் சொன்னால் போதும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை அம்மா நடக்கப் போவாள். அப்போது நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா