பாலம் தாண்டின படங்கள்

கல்லடி, மட்டக்களப்பு
2025 செப்டம்பர்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. உடனே பதில் எழுதவில்லை என்று கோபிக்காதே. வலது கண்ணில் புரை வெட்டினார்கள். கொஞ்ச நாளைக்கு வாசிப்பு, எழுத்து என்று கண்ணை வருத்த வேண்டாம் என்றார் டொக்டர். டீவி பார்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் பார்க்கலாம் என்றார். அந்தக் கொஞ்சத்தை நான் எவ்வளவு நீட்டினேன் என்று மனுசியிடம் கேட்டால் அவள் உனக்குத் தனிக் கடிதமே எழுதுவாள்.

புரை வெட்டின கண்ணால் பார்த்தால் வானம் அப்படியொரு நீலம். அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் அதே வானம் பிளேன்டீ நிறம். இத்தனை வருடமும் பிளேன்டீக்குள்ளால்தான் படம் பார்த்திருக்கிறேன் போல.

படம் ஏதும் பார்க்கிறாயா, பென்சன் எடுத்ததோடு அதையும் விட்டுவிட்டாயா என்று கேட்டிருந்தாய். விடவில்லை. தியேட்டருக்குப் போவதுதான் குறைந்துவிட்டது. கண் வெட்டுவதற்கு முன் கடைசியாகப் போனது 'கூலி'க்கு. மருமகன் டிக்கட்டை எடுத்துவிட்டு வந்து, "மாமா, ரஜினிக்கு ஐம்பது வருசம், போகாட்டிப் பாவம்" என்றான். கணக்குச் சரிதான். 'அபூர்வ ராகங்கள்' வந்தது 1975 ஆகஸ்ட் 15, இது வந்தது இந்த வருடம் ஆகஸ்ட் 14. கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வந்த அந்தத் தாடிக்கார மனுசனை நினைத்துக்கொண்டு போய் இருந்தேன்.

சத்தம் என்றால் சத்தம். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உரல் இடிக்கிற மாதிரி. நாகார்ஜுனா, உபேந்திரா, சௌபின், கடைசியில் அமீர்கான் என்று மாநிலத்துக்கு ஓர் ஆளாக இறக்குகிறார்கள், தேர்தல் வேட்பாளர் பட்டியல் மாதிரி. சௌபின் ஆடின ஆட்டம் எனக்கும் பிடித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சத்யராஜ் விசயத்தில்தான் மனம் ஆறவில்லை. 1986இல் 'மிஸ்டர் பாரத்'தில் அப்பனும் மகனுமாக முட்டிக்கொண்ட இரண்டு பேர். இத்தனை வருடத்துக்குப் பிறகு கூட்டாளிகளாகச் சேர்கிறார்கள் என்றால், கிழவன்கள் இரண்டு பேரையும் ஒரு திண்ணையில் இருத்திப் பத்து நிமிடம் கதைக்க விடக்கூடாதா? ஒருவரைச் சாகடித்து, மற்றவரைப் பழிவாங்க அனுப்பிவிட்டார்கள்.

இடைவேளையில் கச்சான் வாங்கினேன். சுற்றித் தந்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள், 38 புள்ளி. மூன்றாவது கணக்கில் வழியெல்லாம் சரி, கடைசியில் கூட்டலில் பிழைத்திருக்கிறது. படத்தின் பின்பாதி ஓடும்போது பாதி நேரம் அந்தப் பிள்ளையை யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

நம்முடைய பழைய சட்டம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் காட்சி முடிந்து ஒரே சைக்கிளில் வருவோம், நீ மிதிக்க நான் பாரில். கல்லடிப் பாலம் ஏறும் வரைக்கும் எல்லாப் படமும் நல்ல படம்தான். பாலத்துக்கு அங்கால இறங்கின பிறகும் கதை ஓயாவிட்டால்தான் அது படம். இப்போது பக்கத்தில் புதுப்பாலம் இருக்கிறது, அகலமானது, ஸ்கூட்டரில் ஒரு நிமிடம்கூட எடுக்காது. அப்படியிருந்தும் 'கூலி' தாண்டவில்லை. பாலத்தின் நடுவில் மருமகன், "மாமா, பாண் வாங்கிட்டுப் போவமா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

சரி, வீட்டில் பார்த்தவைக்கு வருகிறேன். வீட்டில் பாலம் இல்லை. அதனால் மனுசி லைட்டை நூத்த பிறகும் நான் எதையாவது புறுபுறுத்துக்கொண்டு கிடந்தால் அதைப் பாலம் தாண்டினதாக எடுத்துக்கொள்கிறேன்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யைப் பற்றித்தான் முதலில் உனக்கு எழுத வேண்டும். நீ அங்கே போன புதிதில் எழுதின கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. திருச்சியில் வீடு பார்க்கப் போன இடத்தில், "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்று நீ சொல்ல, வீட்டுக்கார அம்மா "என்ன கதை? நீங்க மலையாளமா?" என்று கேட்டாளாம். அதன்பிறகு இரண்டு மாதம் கடையில்கூட விரலால் காட்டித்தான் சாமான் வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். அப்போது நான் சிரித்தேன். இந்தப் படத்தில் சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பிள்ளைகளோடு இராமேஸ்வரத்தில் இரவில் வந்து இறங்கி, வாயைத் திறந்தால் பிடிபடுவோம் என்று முழிக்கிற முழியைப் பார்த்தபோதுதான் நீ எழுதினது விளங்கியது. பிந்தி விளங்கினதற்கு மன்னித்துக்கொள்.

எடுத்தவர் அபிஷன் ஜீவிந்த், இதுதான் முதல் படமாம். நம்பவே முடியவில்லை, அவ்வளவு கையடக்கமாக இருக்கிறது. வெட்டுக்குத்து இல்லை. எல்லாரும் நல்லவர்கள். கடற்கரையில் பிடித்த பொலிஸ்காரர்கூட மனமிரங்கி விட்டுவிடுகிறார். உலகம் அப்படியா என்று கேட்டால் இல்லைதான், நீயே சாட்சி. ஆனால் இரண்டு மணித்தியாலம் அப்படி நினைத்துக்கொண்டு இருக்க விருப்பமாக இருந்தது. அந்தச் சின்னப் பொடியன் முள்ளி வாயைத் திறக்கும்போதெல்லாம் மனுசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எனக்கு இரண்டு குறை. ஒன்று, அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதை ஓரிரண்டு பேச்சில் முடித்துவிடுகிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியை நாங்கள் அப்படி ஓரிரண்டு பேச்சிலா கடந்தோம்? காஸ் சிலிண்டரைக் கியூவில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த காலம். பெட்ரோலுக்கு மருமகன் இரண்டு இரவு ரோட்டில் படுத்தான். பிறகு பெட்ரோலைப் பங்கிட்டுத் தர கியூஆர் முறை வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். கடலில் இறங்குவதற்கு முந்தின ஒரே ஒரு நாளை, ஒரு வீட்டின் குசினியை மட்டும் காட்டியிருந்தாலும் போதும்.

மற்றது, பேச்சு. சசிகுமார் பாடுபட்டுப் பேசுகிறார், அங்கங்கே மதுரை எட்டிப் பார்க்கிறது, அது போகட்டும். இலங்கைத் தமிழ் என்றால் சினிமாவுக்கு யாழ்ப்பாணம்தான். மகனைக் கூப்பிட 'மோனை' வரும், நம்முடைய 'மனே' வராது. 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்று சொல்லி, தோளைக் குலுக்கி நிற்கிற ஒரு மனுசியை நான் இதுவரைக்கும் எந்தப் படத்திலும் கண்டதில்லை. நம்ம வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்காரன் ஒருவன் திரையில் வாய் திறந்து "மறுகா என்ன நடந்த?" என்று கேட்கிற அன்றைக்கு உனக்கு டிக்கட் போட்டு இங்கே கூப்பிடுவேன்.

'லப்பர் பந்து' பார்த்தாயா? மனுசிக்கு ஒளித்துக் கிரிக்கட் அடிக்கப் போகிற கெத்து என்ற மனுசன், அவருடைய மகளையே காதலிக்கிற அன்பு என்ற பொடியன், இரண்டு பேருக்கும் மைதானத்தில் முறுகல். நம்ம ஊரில் டென்னிஸ் பந்து, அங்கே ரப்பர் பந்து. மற்றபடி அம்பயரோடு சண்டை பிடிக்கிற முறைகூட ஒன்றுதான். தினேஷ் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது விஜயகாந்த் பாட்டைப் போடுகிறார்கள் பார், அந்த இடத்தில் நான் எழும்பி நின்றுவிட்டேன். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்த மனுசி பேசின பேச்சை எழுதமுடியாது.

'கொட்டுக்காளி'யை மருமகன் பத்து நிமிடத்தில் விட்டுவிட்டுப் போனான். பின்னணி இசையே இல்லை. ஓட்டோ சத்தமும் சேவல் கூவுகிறதும்தான். காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. வழியில் ஒரு மாடு ரோட்டை மறித்து நிற்கிறது. ஆம்பிளைகள் எல்லாம் மீசையோடு பின்வாங்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து சும்மா அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஓர் இடத்துக்காகவே முழுதும் பார்க்கலாம். அன்னா பென் வாய் திறப்பதே அருமை, ஆனால் அந்த முகம் இன்னும் போகவில்லை. இதுவும் பாலம் தாண்டினதுதான், கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

இப்போது 'மெய்யழகன்'. இதைச் சொல்ல வந்துதான் இவ்வளவும் இழுத்தேன்.

படம் நீளம், ஓயாமல் கதைக்கிறார்கள் என்று மருமகன் சொன்னான். வெளியான பிறகு பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்களாம். விடியவிடியக் கூத்துப் பார்த்த ஊரில் பிறந்தவன் இப்படிச் சொல்கிறானே என்று நினைத்தேன். 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்துவிட்டுப் போன அரவிந்த்சாமி, இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கலியாணத்துக்கு வருகிறார். கார்த்தி வந்து "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். இவருக்கு அவன் யார் என்று தெரியாது. பெயர் வரவில்லை. கேட்கவும் வெட்கம். அவன் வீட்டிலேயே படுத்து, அவன் கையாலேயே சாப்பிட்டு, விடியப் பெயர் தெரியாமலே ஓடிவருகிறார். இவர் விட்டுப்போன பழைய சைக்கிளை வைத்துத்தான் அந்தக் குடும்பம் தலையெடுத்தது என்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. புரை வெட்டின கண்ணால் அழக்கூடாது என்று மனுசி தலையணை உறையால் ஒற்றினாள். அதற்குத்தான் உண்மையில் டொக்டர் பேசியிருப்பார்.

நான் ஏன் அழுதேன் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குச் சொல்கிறேன்.

ஜூலையில் மாமாங்கக் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குப் பிதிர்க்கடன் கழித்துவிட்டு ஈரவேட்டியோடு கேணிப் பக்கம் நிற்கிறேன். ஒருவன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். என் பெயரைச் சொன்னான். உன் பெயரைச் சொல்லி, "அவன் இன்னும் திருச்சியிலதானா?" என்றான். உன் அம்மா செத்தது தெரிந்திருக்கிறது. என் மகள் எங்கே படிப்பிக்கிறாள் என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்கோ அவன் பெயர் வாயில் வரவில்லை. "ஓம், ஓம், எப்படி இருக்காய்" என்று சமாளித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவன் சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் படம் பார்த்திட்டு வந்து வாசிகசாலைத் திண்ணையில கதை சொல்லுவீங்க. எனக்கு டிக்கட்டுக்குக் காசு ஏது? நீங்க சொன்னதுதான் எனக்குப் படம்." அதிலும் 'மூன்றாம் பிறை'யை நீ சொன்ன இரவை அவன் மறக்கவில்லை. பிறகு கனகாலம் கழித்து டீவியில் போட்டிருக்கிறார்கள். மனுசி பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு இருத்தி, "இருங்க, கடைசியில ரயில் நிக்கும், அவள் இறங்கி ஓடி வருவாள்" என்று சொல்லியிருக்கிறான். கமல் தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்குச் சேட்டை செய்கிறார், மழை பெய்கிறது, ரயில் போகிறது, போயேவிட்டது. "ரயில் நிக்கவே இல்ல, மச்சான். நீங்க ரெண்டு பேரும் என்னை ஏமாத்திப் போட்டீங்க" என்று சொல்லிச் சிரிக்கிறான். கண்ணெல்லாம் தண்ணீர்.

நீதானே அந்த ரயிலை நிற்பாட்டினாய்! எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பொடியன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான் என்று நீ அவசர அவசரமாக ஸ்ரீதேவியை இறக்கிவிட்டாய். அந்தப் பொடியன்தான் இவன். அதுவும் ஞாபகம் வந்தது, முழங்கால் ஞாபகம் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. ஸ்ரீதேவியின் நிலைமை எனக்கு.

நாங்கள் நின்ற இடத்தையும் பார். அமிர்தகழி. 'மூன்றாம் பிறை'யை எடுத்த பாலுமகேந்திரா 1939இல் பிறந்த ஊர். பையனாக இருந்தபோது நம் நாட்டில் 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பைப் பார்க்கப் போனதையும், டேவிட் லீன் "மழை" என்று கத்த உடனே மழை கொட்டினதையும் அவர் இருந்தவரைக்கும் சொல்லிச் சொல்லி அலுத்ததில்லை. அந்த மழைதான் கடைசியில் ஊட்டிப் பக்கத்து ரயில் நிலையத்திலும் பெய்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். அவருடைய ஊர்க் கேணிக்கரையில் நின்று ஒருவன் அவருடைய படத்தின் முடிவு பிழை என்று என்னோடு வழக்காடுகிறான். உன்னுடைய முடிவுதான் சரியாம்.

'மெய்யழகன்' முடிந்த அன்றைக்கு இரவு இரண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகப் பெயர் தேடிப் பார்த்தேன். க, ச, த என்று போய் வ வரை வந்துவிட்டேன். அகப்படவில்லை. அரவிந்த்சாமியாவது போனில் கேட்டார், நான் நம்பர்கூட வாங்கவில்லை.

அடையாளம் சொல்கிறேன், யோசித்துப் பார். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. சிரித்தால் ஒரு பக்கம்தான் வாய் போகும். தகப்பன் துறையில் தோணி வலித்தவராம். இப்போது வாகரைப் பக்கம் இருக்கிறானாம். உன்னை நம் வகுப்பில் ஒருவரும் கூப்பிடாத ஒரு பட்டப்பெயரால் சொன்னான். அதைக் கடிதத்தில் எழுத முடியாது, மனுசி தபாலில் போடுவதற்கு முன் வாசிப்பாள்.

பெயர் ஞாபகம் வந்தால் மற்ற விசயமெல்லாம் பிறகு எழுதலாம், அதை மட்டும் ஒரு வரியில் உடனே எழுதிப் போடு. அடுத்த ஆடி அமாவாசைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்படிக்கு,
உன் கூட்டாளி