ரெண்டு புயலுக்கு அப்புறம், ஃப்ளோரிடா கல்ஃப்போர்ட்ல இருக்குற மகனுக்கு

கண்ணா,

மில்ட்டன் புயல் கரை ஏறுன மறுநாள் காலையில "நான் நல்லாருக்கேன், போட்டும் மிதக்குது"ன்னு ஒரு வரி அனுப்பின பாரு, அதுக்கப்புறம்தான் எனக்கும் அப்பாவுக்கும் காபி தொண்டையில எறங்குச்சு. வேதாரண்யம் மாமாவுக்கு உடனே போன் போட்டு சொன்னேன், கஜாவுக்கு அப்புறம் புயல்னு காதுல விழுந்தாலே அவருக்கு தூக்கம் கிடையாது, ராத்திரி முழுக்க டிவி முன்னாடியே உக்காந்திருந்தாராம். அன்னிக்கு நீ ரொம்ப டயர்டா இருந்த, நானும் அழுதுட்டேன், சொல்ல வந்தது எதையும் சொல்லல. இப்ப சொல்றேன், பொறுமையா படி.

முதல்ல, ரெண்டு தடவையும் நீ போட்ல தங்காம ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போனது எனக்கு எவ்வளவு நிம்மதின்னு உனக்குத் தெரியாது. ஹெலீன் புயல் அன்னிக்கு சானிபல் தீவுக்கு அந்தாண்ட 25 மைல்ல ஒரு 36 அடி பாய்மர செயில்போட் தண்ணி ஏறி நின்னு, அதுல இருந்த ஆளையும் அவரோட நாயையும் கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர்ல தூக்குனாங்களே, அந்த வீடியோவ நான் முழுசா பாக்கல, பாக்க முடியல. போட்டு போனா போகட்டும், உசுரு இருந்தா உப்பு வித்தாவது பொழைச்சுக்கலாம். இத எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன், சலிச்சுக்காத.

ஆனா நான் எழுத உக்காந்தது அதுக்காக இல்ல. போன்ல நீ ஒண்ணு சொன்ன, அது மனசுலயே கிடக்கு. "டாக்ல எல்லாரும் உன் போட் எப்படி உன் போட் எப்படின்னு கேட்டு மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்காங்கம்மா, நான் யாருக்கும் பதில் போடல, பக்கத்து ஸ்லிப்ல நின்ன மார்கன் போட் மூழ்கிப் போச்சு, என்னுது மிதக்குது, அவங்க முன்னாடி நான் என்னத்த சொல்றது"ன்னு கேட்ட. உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா பதில் போடாம இருக்குறது சரியில்லப்பா. போடு. எல்லாருக்கும் போடு, அதுவும் "நல்லாருக்கு"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுடாத, எந்த கயிறு தாங்குச்சு, எது தேஞ்சுது, தண்ணி எவ்வளவு ஏறுச்சு, எவ்வளவு எறங்குச்சு, எல்லாத்தையும் எழுது.

ஏன்னா பழைய போட் வச்சிருக்கறவங்களுக்கு வேற ஆதரவு யாரு இருக்கா சொல்லு. 1979-ல செஞ்ச உன் கேட்டலினா 27 போட்டுக்கு முழு இன்சூரன்ஸ் குடுக்க யாரு வர்றா? சர்வே எடு, அத மாத்து இத மாத்துன்னு இழுத்தடிச்சு கடைசில அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான லயபிலிட்டி மட்டும்தான் குடுப்பாங்க. புது போட் வச்சிருக்கறவன் புயலுக்கு அப்புறம் ஏஜெண்டுக்கு போன் போடுவான், நம்மள மாதிரி ஆளுங்க பக்கத்து ஸ்லிப்காரனுக்குத்தான் போடணும். அந்த 27 ஆறாயிரத்துக்கும் மேல செஞ்சாங்க, அதனால உனக்கு வர்ற எந்த பிரச்சனையும் அமெரிக்கால எங்கயோ ஒருத்தருக்கு ஏற்கனவே வந்து அவங்க அத எப்படியோ சரி பண்ணிருப்பாங்க, அவங்க வாய தெறந்து சொன்னாத்தான உனக்குத் தெரியும்? அதே மாதிரிதான் நீ சொன்னாத்தான் அடுத்தவனுக்குத் தெரியும்.

உன்னோட ரெண்டு புயலையே எடுத்துக்கோ. 2024 செப்டம்பர் 26 ஹெலீன் உங்களுக்கு நூறு மைலுக்கு மேல தள்ளி கடல்லயே போச்சு, ராத்திரி பெர்ரி பக்கம் கரை ஏறுச்சு, ஆனாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஆறு அடிக்கு மேல தண்ணி ஏறி, கல்ஃப்போர்ட் கரையில செயில்போட்டெல்லாம் ஏறிக் கெடந்துச்சு. ரெண்டு வாரம் கூட ஆகல, அக்டோபர் 9 மில்ட்டன் வந்து உங்களுக்குத் தெக்க சியஸ்டா கீ தீவுல கரை ஏறுச்சு, காத்து நிலத்துலேர்ந்து கடலப் பாத்து அடிச்சதுல டாம்பா பே விரிகுடால இருந்த தண்ணியே வெளிய போயிடுச்சு. 2022-ல இயன் வந்தப்பவும் இப்படித்தான் பே வத்திப் போச்சு, அப்பா அத டிவில பாத்துட்டு எங்கிட்ட கூப்பிட்டுக் காட்டுனாரு. ஒரே டாக், ஒரே போட், ஒண்ணுல தண்ணி ஏறுது இன்னொண்ணுல எறங்குது. ஹெலீனுக்கு அப்புறம் பயந்து போய் கயிற இறுக்கிக் கட்டுனவங்க போட்டெல்லாம் மில்ட்டன்ல தண்ணி எறங்குறப்ப கயித்துலயே தொங்கிருக்கும், பழைய போட்ல கயிறு கட்டுற கிளீட்டுக்கு அடியில இருக்குற கட்டை ஊறிப் போயிருந்தா கிளீட் டெக்கோட பிச்சுக்கிட்டு வந்துரும். உன் போட் ஏன் தப்பிச்சுது? போட் முன்ன பின்ன நகராம பிடிக்கிற ஸ்ப்ரிங் லைன் கயித்த நீ நீளமா விட்டு, எதிர் பக்கத்து பைல் தூண் வரைக்கும் கொண்டு போய் கட்டிருந்த, கிளீட்டுக்கெல்லாம் அடியில அலுமினியம் பிளேட் வச்சிருந்த. இத நீ அந்த மார்கன்காரர்கிட்ட சொன்னா அவரு மனசு நோகும்னு நெனைக்கிற. நோகாதுப்பா. அடுத்த போட்ட அவரு எப்படி கட்டணும்னு அவருக்கு ஒரு பிடி கெடைக்கும். அந்த ஆளு திரும்ப ஒரு போட் வாங்காம இருக்க மாட்டாரு, நான் எழுதித் தர்றேன். மார்கனும் இர்வினும் உங்க ஊர்ப் பக்கமே செஞ்ச போட்டுங்க, அங்க பழைய போட் கெடைக்கறதுக்கா பஞ்சம்.

இங்க டெக்சாஸ் கீமால நாங்க பாத்தத சொல்றேன். அய்க் புயல் வந்தப்ப, 2008 செப்டம்பர், நீ சின்னப் பையன், ஆஸ்டின்ல அத்தை வீட்டுல நீ பாட்டுக்கு வீடியோ கேம் விளையாடிட்டு இருந்த, நாங்க போட்ட யார்டுல ஸ்டாண்ட் மேல ஏத்தி வச்சுட்டு வந்துட்டோம். தண்ணி யார்டுக்குள்ளயே வந்துடுச்சு. ஸ்டாண்டுல இருந்த போட்டெல்லாம் மிதந்து ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடந்துச்சு, போட் நிறுத்துற சில மரினால பைல் உயரத்த தண்ணி தாண்டினதால மிதக்குற டாக்கே கழண்டு போட்டுங்களோட சேந்து போயிடுச்சு. அப்ப எங்க போட் எங்க கெடக்கு, உசுரோட இருக்கான்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. ஊருக்குள்ளயே விடல. அந்த நாளெல்லாம் அப்பா போனையே பாத்துட்டு உக்காந்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம்தான் எங்க டாக்ல ஒரு பழக்கம் வந்துச்சு. முதல்ல உள்ள போக முடிஞ்சவங்க யாரா இருந்தாலும் டாக் முழுக்க நடந்து ஒவ்வொரு போட்டுக்கும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுவாங்க. 2024 ஜூலை 8 பெரில் புயல் வந்துச்சே, ஹூஸ்டன் பக்கம் இருபது லட்சத்துக்கு மேல கனெக்‌ஷன்ல கரண்ட் இல்ல, போன் கால் போகல, ஆனா மெசேஜ் மெல்ல மெல்ல போச்சு. கேப் டோரி 25 போட் வச்சிருக்காங்களே அந்த தனியா இருக்குற அம்மா, எழுபதைத் தாண்டிட்டாங்க, அவங்கதான் அன்னிக்கு முதல்ல போனது. எங்க போட் போட்டோவ பாத்தா ஒரு பக்கம் எங்களோட இல்லாத நீலக் கயிறு ஒண்ணு கட்டிருக்கு. கேபின் கதவுல டேப் போட்டு ஒரு பேப்பர ஒட்டிருந்தாங்க, "உங்க ஸ்ப்ரிங் லைன், கயிறு வெளிய போற சாக்ல தேஞ்சு ஒத்த இழையில நின்னுச்சு, என் கயித்த போட்டிருக்கேன், அவசரமில்ல, அப்புறமா குடுங்க"ன்னு. அவங்க போட்லயே அலை அடிக்காம மறைக்கிற டாட்ஜர் துணி கிழிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு, அத அப்படியே விட்டுட்டு நம்ம போட்டுக்கு கயிறு கட்டிருக்காங்க. நீ பதில் போடாம விட்டேன்னு சொன்னப்ப எனக்கு அவங்க மொகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அந்த தேஞ்ச கயித்த கையில வச்சு பாத்தோம். வெளிய தேஞ்சத விட உள்ளதான் மோசம், இழையெல்லாம் உருகி கெட்டியா ஒட்டிப் போயிருந்துச்சு. நைலான் இழுத்து விட்டு இழுத்து விட்டு உள்ளயே சூடாகுது, நாம அது மேல தோட்டத்து ஓஸ மாட்டுனா மழைத் தண்ணி உள்ள போய் சூட்ட ஆத்த வழியில்ல. துணி மாதிரி நெய்த பாலியஸ்டர் உறை போடணும், இல்லேன்னா சாக் வழியா போற பகுதிக்கு மட்டும் பாலியஸ்டர் கயிறு, அதுக்கப்புறம் இழுவைக்கு நைலான். இத அந்த அம்மாதான் சொன்னாங்க, நாங்க அத எங்க டாக்ல எல்லாருக்கும் சொல்லி இப்ப பாதி பேரு ஓஸ கழட்டிட்டாங்க. உனக்கும் ஓஸ்தான இருக்கு? கழட்டு.

இப்ப உன் போட்டுக்கு வர்றேன். மிதக்குதுன்னு விட்டுடாத. டாக்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி கரையிலேர்ந்து கரண்ட் வர்ற ஷோர் பவர் பிரேக்கர் ஆஃப்ல இருக்கான்னு பாரு, தண்ணிக்குள்ள கரண்ட் கசிஞ்சா கண்ணுக்குத் தெரியாது, எறங்கினவன் திரும்ப ஏற மாட்டான். போட்டோட அடிப்பகுதி பில்ஜ்ல தண்ணி நிக்குதுன்னு சொன்னியே, டீசல் வாசம் அடிக்கலன்னா விரல் நுனிய நனைச்சு நாக்குல லேசா வச்சு துப்பிடு. உப்பு கரிச்சா கீழயிருந்து வருது, கரிக்கலன்னா மழைத் தண்ணி, உங்க பக்கம் மில்ட்டன் அன்னிக்கு ஒரே நாள்ல பதினெட்டு இன்ச்சுக்கு மேல பேஞ்சிருக்கு, அது மாஸ்ட் வழியா ஜன்னல் வழியா வந்திருக்கும்.

கரிச்சா போட்டுக்கு அடியில பாரமா இருக்குற கீல் பகுதிய பாக்கணும். கரிக்கலன்னாலும் கீல் பகுதிய பாக்கணும், ஏன்னா தண்ணி எறங்குனப்ப போட் சேத்துல உக்காந்துச்சுன்னு நீயே சொன்ன. கீலும் போட் உடம்பான ஹல்லும் சேர்ற எடத்துல முன் பக்கம் வாய் இளிச்ச மாதிரி ஒரு விரிசல் வரும், கேட்டலினா ஸ்மைல்னே அதுக்கு பேரு, நம்ம கேட்டலினா 30-லயும் வந்துச்சு, அத நெனச்சு தூக்கம் கெடுத்துக்காத, யார்டுல தூக்கி வெயிட்ட கீல் மேலயே நிக்க வச்சு போல்ட டார்க் ரெஞ்சுல அளவு பாத்து இறுக்கி எபாக்ஸி போட்டா நிக்கும். ஆனா பழைய 27 சிலதுல கீல் போல்ட் ஸ்டெயின்லெஸ் இல்ல, சாதா ஸ்டீல், துரு பிடிச்சு பாதி பருமனா ஆகிருக்கும், அத இறுக்கப் போனா ஒடஞ்சே போயிடும். அதனால சர்வேயர கூப்பிடாம கைய வைக்காத. 2008 ஜூன்ல கால்வெஸ்டன்லேர்ந்து மெக்சிகோ வெராக்ரூஸ் ரேஸ்க்கு போன சிந்தியா உட்ஸ் போட்ல நடுக்கடல்ல கீல் கழண்டு கவுந்துச்சு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பசங்க, அது பழைய போட் கூட இல்ல. ரோஜர் ஸ்டோன்னு ஒருத்தர் உள்ள மாட்டுன பசங்கள வெளிய தள்ளிவிட்டுட்டு அவரு போயிட்டாரு, மிச்ச அஞ்சு பேரு 26 மணி நேரம் தண்ணியில கெடந்தாங்க. இந்த பக்கம் போட் வச்சிருக்கற யாரும் அத மறக்கல. கீல் பாக்காம நீ அந்த போட்ட டாக்க விட்டு எடுக்கக்கூடாது, இது அம்மா மேல சத்தியம்.

இன்சூரன்ஸ் பேப்பர்ல மூழ்குன போட்ட தூக்கறதுக்கு காசு உண்டான்னு படிச்சு பாரு. ஃப்ளோரிடால போட்ட அப்படியே விட்டுட்டுப் போனா கேஸ், தூக்கறதுக்கு ஆகுற செலவு பழைய போட் வெலைய விட அதிகம். அந்த மார்கன்காரருக்கு இந்த விஷயத்துல யாராவது கூட இருக்காங்களான்னு கேளு. தனியா அந்த ஆபீஸ் இந்த ஆபீஸ்னு அலையறது கொடுமை, நீ ஒரு நாள் லீவு போட்டு கூட போ, வண்டி ஓட்டு, சாப்பாடு வாங்கிக் குடு. அவரோட வின்ச், ஆங்கர், செயிலெல்லாம் உள்ள இருக்குறத எடுத்து நல்ல தண்ணியில கழுவி காய வைக்க ஒரு ஆள் வேணும், உப்புத் தண்ணியில ஊறுன வின்ச்ச சீக்கிரம் பிரிச்சு கிரீஸ் போடலன்னா இறுகிப் போகும். செயில விரிச்சு காயப் போட உங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங் போதும்னு நெனைக்கிறேன், ஓனர்கிட்ட கேட்டுக்கோ.

முன் பாய் ஜிப்ப கழட்டி கீழ எறக்கி வச்சிருந்தியா இல்ல பாய் சுருட்டுற ஃபர்லர்ல சுருட்டி கட்டிட்டு விட்டியா, அத நீ சொல்லவே இல்ல. சுருட்டுனது காத்துல அவுந்தா மாஸ்டையே சாய்ச்சுடும். அடுத்த சீசன் ஜூன்ல தொடங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பேசணும்.

அப்பா டார்க் ரெஞ்ச பார்சல்ல போட்டிருக்காரு, கூட அந்த பாலியஸ்டர் உறை ரெண்டு செட், ஒண்ணு உனக்கு, ஒண்ணு டாக்ல யாருக்கு வேணுமோ அவங்களுக்கு. பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் மேல வச்சிருக்கேன், கிரீஸ் படாம எடு. கீல் போல்ட் போட்டோ வெள்ளிக்கிழமைக்குள்ள அப்பாவுக்கு அனுப்பு, பிளாஷ் போட்டு எடு, இருட்டா எடுத்தா அவருக்குத் தெரியாது. அந்த மெசேஜ்களுக்கெல்லாம் இன்னிக்கு ராத்திரியே பதில் போட்டுட்டு எனக்கு ஒரு வரி சொல்லு.

அன்புடன்
அம்மா