தட்டுத் தொட்டிக்குச் செம்மண் ஆகாது: செட்டிநாட்டு நர்சரிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் நர்சரி நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். இங்கே விற்பனைக்கு வரும் போன்சாய்களில், அதாவது தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரங்களில் பல, செம்மண்ணும் தொழுவுரமும் கொஞ்சம் மணலும் சேர்த்த கலவையில்தான் நிற்கின்றன. அதே கலவையில் செம்பருத்தியும் கொய்யாவும் பையில் செழிக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு அங்குல ஆழத் தட்டுத் தொட்டியில் அதுவே மரத்தைக் கொல்கிறது. வாங்கிப் போனவர் தனக்குக் கைராசி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

ஏன் என்று பார்க்கப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்று போதும். நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே நெட்டாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது. மண்ணும் அப்படியே. வடிந்து முடிந்த பிறகும் எந்தத் தொட்டியின் அடியிலும் ஓர் ஈர அடுக்கு நிற்கும். அது எவ்வளவு உயரம் நிற்கும் என்பது மண் துகளின் பருமனைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தை அல்ல. ஒரு அடி ஆழப் பையில் அது அடிப்பகுதியோடு நின்றுவிடும். இரண்டு அங்குலத் தட்டில் மொத்த வேரும் அதற்குள் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் அப்படி நின்றால் வேருக்குக் காற்று ஏது? உள்பக்க இலைகள் மஞ்சளித்து உதிரும். மரத்தைக் கழற்றிப் பார்த்தால் புளித்த வாடை அடிக்கும். வேரை இழுத்தால் கறுத்த தோல் கழன்று நார் மட்டும் மிஞ்சும்.

அடியில் ஜல்லி பரப்பினால் வடிந்துவிடும் என்பார்கள். வடியாது. பொடி மண்ணில் பிடித்த நீர் பெரிய கல்லின் இடைவெளிக்குள் லேசில் இறங்காது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

சித்திரையில் நேர்மாறான கூத்து. செம்மண் இறுகி, சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே இறங்கி அடித்துளையில் ஓடிவிடும். பார்க்கிறவருக்கு நனைந்த மாதிரி இருக்கும், நடுவேர் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்துக்குத் தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை முக்கி எடுப்பதுதான் வழி.

ஜப்பானியர் இதற்காகத்தான் அகடாமா என்ற குருணைக் களிமண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அதை விலை கொடுத்துத் தருவிக்க வேண்டியதில்லை. நன்றாக வெந்த செங்கல், பழைய நாட்டு ஓடு, உடைந்த மானாமதுரைப் பானை என எது கிடைத்தாலும் நமக்குப் போதும். உடைத்து, 5 மி.மீ. சல்லடையில் விழுந்து 2 மி.மீ. சல்லடையில் தங்குவதை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழான தூள் வேண்டவே வேண்டாம், அதுதான் இடைவெளியை அடைக்கும். செங்கல் வெந்ததா என்று அறிய, ஒரு பிடி குருணையை இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் விரலிடுக்கில் நசுக்குங்கள். சேறாகக் கரைந்தால் அது வேகாத கல். கறுத்து, கண்ணாடி போல உருகிய கல்லும் ஆகாது, நீரைக் குடிக்காது.

நம் ஊருக்கென்று ஒரு கண்ணி உண்டு. இடித்த பழைய வீட்டுச் செங்கல் மலிவாகக் கிடைக்கும், கூடவே சுண்ணாம்புக் காரையும் ஒட்டிக்கொண்டு வரும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. கொத்திச் சுத்தம் செய்ய முடியாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் மரத்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, கொழுந்து இலை வெளுக்கும். ஆத்தங்குடித் தரைக் கல்லின் உடைசலும் வேண்டாம், அதில் இருப்பது சிமெண்ட்.

ஆல், அரசு, இச்சி வகைகளுக்கு எங்கள் அளவு: செங்கல் குருணை 6 பங்கு, கழுவிய பருமணல் 2 பங்கு, மட்கிச் சலித்த இலை உரம் 2 பங்கு. எம்-சாண்டானால் தூள் போகக் கழுவிச் சலித்து, 2 மி.மீ.க்கு மேற்பட்டதை மட்டும் சேர்க்கலாம். பாலைவன ரோஜா எனும் அடினியத்துக்கு இலை உரத்தை 1 பங்காகக் குறைத்து, அந்த இடத்தில் கரித்துண்டு போடுங்கள். தென்னை நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்காமல் சேர்க்கவே கூடாது. கலந்து தொட்டியில் இட்டு நீர் ஊற்றினால், மேலே தேங்காமல் சில விநாடிகளில் அடித்துளையில் கொட்ட வேண்டும்.

பழைய மண்ணிலிருந்து குருணைக்கு மாற்றும்போது நடுவிலுள்ள செம்மண் உருண்டையை அப்படியே விட்டுச் சுற்றிலும் குருணை போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நீர் குருணை வழியே ஓடிவிடும், உருண்டை தனியாகக் காயும் அல்லது தனியாக அழுகும். ஆல், இச்சியில் மண் முழுவதையும் கழுவிவிடலாம், தாங்கும். மற்றவற்றில் இந்த ஆண்டு ஒரு பாதி, அடுத்த மாற்றத்தில் மறு பாதி. எப்படியானாலும் ஐப்பசி மழைக்கு முன் புதுவேர் ஓடியிருக்க வேண்டும்.

உங்கள் தரப்பும் புரிகிறது. குருணைக்குக் கோடையில் காலையும் மாலையும் நீர் வேண்டும், நர்சரியில் ஆள் பற்றாக்குறை. அதில் சத்தும் தங்காது, தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் 15 நாளுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஆகவே விற்பனை வரை செம்மண்ணிலேயே வைத்திருப்பதானால், ஆழமான தொட்டியிலோ பையிலோ வைத்திருங்கள். தட்டுத் தொட்டிக்கு ஏற்றும் அன்று குருணைக்கு மாற்றுங்கள். அதற்கான செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், தருகிறோம். கூடவே தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: என்ன கலவை, எந்த மாதம் மாற்றியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை நீர். ஆச்சிமார் முகப்பில் வைத்து வளர்க்க அந்த மூன்று வரி போதும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரப் போன்சாய் வளர்ப்போர் சிலர்