டேட்டா கேபிள் உள்ளே வைத்திருக்கிறேன்

அன்புள்ள கயலுக்கு,

அப்டேட் போட்டதிலிருந்து போன் சரியில்லை, அதனால்தான் எடுக்க முடிவதில்லை என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். சரியில்லாத போனுக்கே வைத்தியம் எழுதி அனுப்புவானேன் என்று ஸ்பீட் போஸ்டில் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகச் செய். நீ அவசரக்காரி, நடுவில் ஒன்றைத் தாண்டிப் போவாய். முதலில் பேக்கப். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வாட்ஸப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். அங்கே கடைசியாக எடுத்த தேதி இருக்கும். தேதியைப் பார். ராத்திரி இரண்டு மணிவாக்கில் தானாக எடுக்கும் என்று நம்பிக்கொண்டிருப்போம். ஆனால் இப்போது அதுவும் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் சேரும். இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும், ஓரமாக ஒரு அறிவிப்பு வரும், அதை யாரும் படிப்பதில்லை. போட்டோவையும் அப்படியே பார்த்துவிடு.

இப்போது ரிங் வராத விஷயம். கூப்பிடுகிறவர் காதில் என்ன கேட்கிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். 'ஸ்விட்ச் ஆஃப்', 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்தால் கோளாறு சிம்மிலோ நெட்வொர்க்கிலோ. அதற்கு நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் போதும். வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் ஜோடியும் அழியும், போட்டோ போகாது. முழுதாக 30 விநாடி ரிங் போய் நின்றால் சிம்மும் டவரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். உன் பக்கம் சத்தம்தான் இல்லை. டூ நாட் டிஸ்டர்ப் தானாக ஆன் ஆகியிருக்கலாம், அப்டேட்டுக்குப் பிறகு இது சகஜம். மோட்ஸ் என்று இருப்பதில் 'ஸ்லீப்', 'வொர்க்' இரண்டுக்கும் நேரம் வைத்திருக்கிறாயா பார்.

இரண்டே ரிங்கில் பிஸி டோன் வந்தால் யாரோ கையால் கட் பண்ணியது. சனிக்கிழமை எனக்கு இரண்டு ரிங்தான் வந்தது. பையில் இருக்கும்போது விரல் பட்டிருக்கும்.

வாட்ஸப்பில் ஒரு டிக் என்றால் போய்ச் சேரவில்லை. நான் அனுப்பியதற்கு இரண்டு டிக், சாம்பல் நிறம். அம்மா அனுப்பியதற்கு நீலம். நீல டிக்கை ஆஃப் செய்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் போகும், ஆளுக்கு ஆள் மாறாது. அப்டேட்டால் அப்படி ஆவதில்லை. ஆனாலும் பேட்டரி செட்டிங்ஸில் 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் வாட்ஸப் இருந்தால் எடுத்துவிடு.

போன் சுடுகிறது என்றும் சொன்னாயாம். முதல் இரண்டு நாள் சுடத்தான் செய்யும். புது வெர்ஷனுக்கு ஏற்றபடி எல்லா ஆப்பையும் உள்ளே திரும்பத் தயார் செய்துகொண்டிருக்கும். ஒரு ராத்திரி முழுக்க சார்ஜிலும் வைஃபையிலும் போட்டுவை, தலையணைக்கு அடியில் அல்ல. பிளே ஸ்டோரில் 'அப்டேட் ஆல்' கொடு. ஆப் தானாக மூடிக்கொண்டால் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ (ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டுவது அதுதான்), குரோம் இரண்டையும் தேடி அப்டேட் செய். 2021 மார்ச்சில் ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட ஆப் அடுத்தடுத்து மூடியதற்கு அந்த வெப்வியூதான் காரணம். போனில் ஒரு தப்பும் இல்லை.

நான்காம் நாளும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் அப்டேட்டைத் திட்டாதே, பேட்டரியைப் பார். உன்னுடையதற்கு மூன்று வருடம் ஆகிறது. 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது ஞாபகம் இருக்கும், பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணையாமலிருக்க அப்டேட் வழியாக வேகத்தைக் குறைத்தோம் என்று. பேட்டரி மாற்றியவர்களுக்கு வேகம் திரும்பியது. பின்பக்க மூடி லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்புறம் சார்ஜ் போடவே கூடாது.

பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும், நீயாகப் போட்ட ஆப் எதுவும் அதில் ஓடாது. அதில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் நீ போட்ட ஏதோ ஆப்தான் திருடன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்.

இதற்கும் மசியாவிட்டால் கேஷ், அதாவது போன் தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளை, துடைக்க வேண்டும். போனை ஆஃப் செய். லேப்டாப்பில் கேபிளைச் சொருகு. உன் மாடலில் கேபிள் இல்லாமல் ரெகவரி என்கிற பழுது நீக்கும் மெனு வராது, வெறும் சார்ஜிங் கேபிளும் உதவாது, டேட்டா போகிற கேபிள் வேண்டும். வால்யூம் அப்பையும் பவரையும் சேர்த்துப் பிடி, லோகோ வந்ததும் விடு. வால்யூம் டவுனால் 'வைப் கேஷ் பார்டிஷன்' வரை இறங்கு. அதற்கு நேர் மேலே இருப்பது 'வைப் டேட்டா'. ஒரு அழுத்தம் குறைந்தாலும் அங்கேதான் நிற்பாய், எல்லாம் போய்விடும். பவரை அழுத்துவதற்கு முன் இரண்டு தரம் வாய்விட்டுப் படி. பன்னிரண்டு வயதில் என் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்க்ரூவை வரிசைப்படி காந்தத்தில் ஒட்டி வைப்பாய், ஒன்று இடம் மாறாது. வேலைக்கு வைத்த பையன்களுக்கு இன்றுவரை அது வரவில்லை. உன்னால் முடியும்.

ஃபேக்டரி ரீசெட் கடைசி. போனுக்குள் இருப்பதெல்லாம் பூட்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ரீசெட்டில் சாவி அழிந்துவிடும், பிறகு எந்த ரெகவரி சாஃப்ட்வேரும் ஒன்றும் எடுத்துத் தராது. ஆன் ஆனதும் பழைய கூகுள் அக்கவுண்ட் கேட்கும், பாஸ்வேர்டு தெரியாமல் ஆரம்பித்துவிடாதே. பேக்கப் தேதியைப் பார்த்தாயா?

பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போகலாம் என்று யூட்யூபில் சொல்வான். உன் மாடலில் இந்த அப்டேட்டுக்கு அது நடக்காது. கீழ் வெர்ஷனைப் போர்டு ஏற்காது. முயன்றால் போன் உயிரில்லாத செங்கல்தான்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்று அடி. அதை ஆன் செய்து கொடுத்தால் போட்டோ, மெசேஜ், அக்கவுண்ட் எதுவும் பழுது பார்க்கிறவன் கண்ணில் படாது. திரும்ப வாங்கியதும் உன் பின் நம்பரைப் போட்டால்தான் பழையபடி ஆகும். பின் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற வழக்கமே வேண்டாம். யாரிடமும் வேண்டாம்.

கயல், ஆடியில் சார்ஜிங் போர்ட் மாற்ற நீ என்னிடம் கொடுத்தபோது மெயின்டனன்ஸ் மோட் போடவில்லை. அப்பாவிடம் எதற்கு என்று நினைத்திருப்பாய். இருபது நிமிட வேலை. சார்ஜ் ஏறுகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மெசேஜ் வந்தது. படித்தேன். அதோடு விட்டிருக்கலாம். பின் நம்பர் சீட்டில் இருந்தது. திறந்து மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். அடுத்தவர் கேலரியைத் திறந்தான் என்று ஒரு பையனை நான் கடையை விட்டே அனுப்பியது உனக்குத் தெரியும்.

ஆவணியில் எல்லோர் முன்னாலும் உன்னிடம் அதைக் கேட்டபோது, காதுக்கு வந்தது என்று சொன்னேன். யாரும் சொல்லவில்லை. சுதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அவளோடும் பேசுவதில்லை என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சுதாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் வேறு விசேஷமில்லை. மாடி வீடு காலியாகிவிட்டது.

கேபிளை உறைக்குள் வைத்திருக்கிறேன். கடையில் போட்டுப் பார்த்துவிட்டேன், டேட்டா போகிறது. எந்த ஸ்டெப்பிலாவது நின்றால் திரையை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு, எனக்கு வேண்டாம். அவள் படித்துச் சொன்னால் நான் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 'வைப் டேட்டா'வுக்குக் கீழே உள்ளதுதான், மறந்துவிடாதே.

அப்பா