உண்டியலில் விழுந்த நாணயங்கள்: ஜே லீக் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜே லீக் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 2012-இல் நான் ஜப்பானின் பெப்பு நகரில் மாணவன். மலைச்சரிவெங்கும் வெந்நீர் ஊற்றுகளின் ஆவி எழும் ஊர் அது. கையில் காசு மிஞ்சும் வாரங்களில் பக்கத்து ஓயிதா நகருக்குப் போய், 2002 கால்பந்து உலகக் கோப்பைக்காகக் கட்டிய அந்தப் பெரிய அரங்கத்தில், ஊர்க் கால்பந்து அணியான ஓயிதா டிரினிட்டாவின் ஆட்டம் பார்ப்பேன். ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான உங்கள் ஜே லீக்கின் இரண்டாம் அடுக்கு ஜே2; அதன் அந்த ஆண்டு சீசனைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆகஸ்டில் தொடங்கி அடுத்த கோடைக்குள் முடியும் புதிய அட்டவணைக்கு லீக் மாறும் இந்த வேளையில், பல விதிகளை நீங்கள் திரும்ப எடுத்துப் பார்ப்பீர்கள். அப்போது இந்தக் கதையும் உங்கள் மேசைமேல் இருக்கட்டும்.

டிரினிட்டா என்ற பெயரிலேயே மும்மை இருக்கிறது. மாகாண மக்கள், நிறுவனங்கள், அரசு ஆகிய மூவரும் சேர்ந்து தாங்கும் அணி என்ற பொருளில் வைத்த பெயர். 2008-இல் நபிஸ்கோ கோப்பையை வென்ற அணி, அடுத்த ஆண்டே கடனில் மூழ்கி, முதல் அடுக்கான ஜே1-இலிருந்தும் இறங்கியது. அப்போது லீக்கின் பொது நிதியிலிருந்து 60 கோடி யென் கடன் கொடுத்து ஆட்டங்கள் நின்றுபோகாமல் காத்தது நீங்கள்தான். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: கடனைத் தீர்க்காமல் ஜே1-க்கு ஏற முடியாது.

2012 கோடையில் இன்னும் 30 கோடி யென் பாக்கி. அணியோ மேல் வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் ஜெயித்தாலும் காகிதத்தில் தோற்றுவிடுவோம் என்ற நிலை. அப்போதுதான் உண்டியல்கள் வந்தன. கடைவீதியில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு பாட்டி, சில்லறையை எண்ணிக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தேன். நானும் ஒரு 500 யென் நாணயம் போட்டேன். எனக்கு அது ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. மக்கள், நிறுவனங்கள், அரசு என்று மூன்று தரப்பும் ஏறக்குறைய பத்துப் பத்துக் கோடி யென் சேர்க்க, அக்டோபரில் கடன் தீர்ந்தது. பெயரில் இருந்த மும்மை அன்று கணக்கிலும் வந்துவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 42 ஆட்டங்கள் முடிந்தபோது கோஃபு 86 புள்ளிகளோடு முதலிடம். கடைசி 24 ஆட்டங்களில் அவர்கள் தோற்கவே இல்லை. அவர்களின் தாவி என்ற ஆட்டக்காரர் ஒருவரே 32 கோல் அடித்திருந்தார். ஷோனான் 75, கியோட்டோ 74, யோகோஹாமா எஃப்.சி. 73, சிபா 72, ஓயிதா 71. படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு புள்ளி இடைவெளி! ஜே1-க்கு ஏறும் கடைசி இடத்துக்காக, மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரையிலான அணிகளுக்கு பிளே-ஆஃப் நடத்தியது அதுதான் முதல் முறை. சமநிலையில் முடிந்தால் மேல் இடத்து அணிக்கே வெற்றி என்பது விதி. ஆறாவது அணி ஏற வேண்டுமானால் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தே ஆக வேண்டும்.

கியோட்டோவில் நடந்த அரையிறுதியில் எங்கள் மொரிஷிமா ஒருவரே நான்கு கோல் போட்டார், 4-0. நவம்பர் 23 அன்று தோக்கியோ தேசிய அரங்கில் சிபாவோடு இறுதி ஆட்டம். 85 நிமிடம் வரை கோல் இல்லை. அப்படியே முடிந்தால் சிபா ஏறிவிடும். 86-ஆவது நிமிடம், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய எங்கள் ஹயாஷி, கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் இறக்கினார். ஒரு காலத்தில் சிபாவுக்கு ஆடியவர் அவர். எங்கள் விடுதிப் பொது அறையில் மொழி தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு ஜே1-இல் 34 ஆட்டத்தில் 2 வெற்றி, 14 புள்ளி. கடைசி இடம். ஆறாவது அணியை ஏற்றினால் இப்படித்தான் ஆகும் என்று அப்போது பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓயிதா தடுமாறியதற்குத் தர வரிசையைக் குற்றம் சொல்வது எளிது. பணப்பையைப் பாருங்கள். ஏறப்போகும் அணி ஆட்டக்காரர்களைத் தேடிப் பணம் திரட்ட வேண்டிய மாதங்களில், ஓர் ஊரே சேர்ந்து கொடுத்த பணம் பழைய கடனுக்குப் போனது. கடனைத் திருப்பித் தர வேண்டியது நியாயம்தான். அது மற்ற கிளப்புகளுக்கும் சொந்தமான பொதுப் பணம். ஆனால் திருப்பிக் கொடுத்து முடித்த கையோடு வெறும் பையுடன் மேலே போகிறவர்களுக்கு ஒரு கைத்தாங்கல் வேண்டாமா?

அதே 2012 சீசனில் ஜே2-இல் கடைசி இடம் பிடித்து, அங்கிருந்து கீழே இறக்கப்பட்ட முதல் அணி மச்சிடா. 2015-இல் அதே மச்சிடா பிளே-ஆஃபில் ஓயிதாவைத் தோற்கடித்து மூன்றாம் அடுக்கான ஜே3-க்கு அனுப்பிவிட்டு ஜே2-க்குத் திரும்பியது. 2023-இல் ஜே2 சாம்பியன், மறு ஆண்டே ஜே1-இல் மூன்றாமிடம். ஓயிதாவும் சும்மா இருக்கவில்லை: கதானோசாகா பயிற்சியில் 2016-இல் ஜே3 சாம்பியன், 2018-இல் ஜே2 இரண்டாமிடம், மறுபடியும் ஜே1. அன்று தோற்று நின்ற சிபா 2025 டிசம்பரில் அதே பிளே-ஆஃப் வாசல் வழியாகத்தான் ஜே1-க்குத் திரும்பியது. அந்த ரசிகர்கள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். 2012-இல் அவர்கள் அழுதபோது நான் சிரித்துக்கொண்டிருந்தவன்.

ஆகவே என் வேண்டுகோள். பிளே-ஆஃப் வாசலை எக்காரணம் கொண்டும் குறுக்காதீர்கள். 2023 முதல் லீக் பங்கீட்டில் மேல் அடுக்கின் பக்கம் பணம் அதிகமாகச் சாய்கிறது. அந்தப் பங்கிலிருந்தே, புதிதாக ஏறும் கிளப்புக்கு முதல் ஆண்டுத் தொகையின் ஒரு பகுதியை ஏறிய வாரத்திலேயே முன்பணமாகக் கொடுங்கள். புதிய அட்டவணையில் பிளே-ஆஃப் முடிந்து ஆகஸ்டு பிறப்பதற்குள் கிடைப்பது சில வாரங்கள்தான். பிளே-ஆஃபில் ஏறுகிறவர்கள், இரண்டாமிடத்தில் ஏறுகிறவர்களைவிட இன்னும் தாமதமாகத்தான் ஆட்டக்காரர்களைத் தேடத் தொடங்க முடியும். அவர்களுக்கு அந்த முன்பணம் கூடுதலாக இருக்கட்டும்.

அந்தப் பாட்டி போட்ட சில்லறை கடனை அடைத்தது. அடுத்து வரும் ஆறாவது அணியின் ஊரில் ஒரு பாட்டி போடும் சில்லறையாவது ஒரு புதிய டிஃபெண்டரின் சம்பளத்துக்குப் போகட்டும்.

அன்புடன்,
பெப்புவில் படித்த ஒரு தமிழ் ரசிகன்