சோடியம் கசிந்தால் எங்களிடம் தமிழில் சொல்லுங்கள்

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளுக்கும் அங்கே ஈனுலை கட்டும் பாவினி நிறுவனத்தின் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளியில் எங்கள் வேதியியல் சார் ஒருநாள் மண்ணெண்ணெய் புட்டிக்குள் இருந்து சோடியத்தை இடுக்கியால் எடுத்து பிளேடால் நறுக்கினார். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. வெட்டிய இடம் வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. மிளகளவு துண்டைத் தண்ணீரில் போடுவதற்கு முன், “பட்டுனு வெடிக்கும், ரெண்டடி தள்ளி நில்லுங்கப்பா” என்றார். வெடித்தது. நாங்கள் பயப்படவில்லை. இன்னொரு துண்டு போடச் சொல்லிக் கெஞ்சினோம்.

உங்கள் 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்கு வெப்பத்தை எடுத்துச் செல்ல அதே சோடியம் ஆயிரம் டன்னுக்கு மேல் தேவை, அதுவும் உருகிய நிலையில். ஏன் என்பது எனக்குப் புரிகிறது. இந்த உலைக்கு வேகமான நியூட்ரான்கள் வேண்டும்; தண்ணீர் அவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். சோடியம் அப்படிக் குறைக்காது. 883 டிகிரி வரை கொதிக்காது என்பதால் உலைக்குள் பெரிய அழுத்தமும் இருக்காது. இயற்கை யுரேனியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் இருப்பது நேரடியாக எரிபொருளாகாத யுரேனியம்-238. அதைப் புளுட்டோனியமாக மாற்றித் தரும் உலை இது. யுரேனிய வளம் குறைவான நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். 2004-இல் வேலை தொடங்கிய அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல்நீர் அடித்தளக் குழிக்குள் புகுந்தது. அடித்தளத்தை மறுபடி போட்டுத்தான் மேலே எழுப்பினீர்கள். 2010-இல் முடியும் என்றது 2024-ஐயும் தாண்டியபோதும் நீங்கள் விடவில்லை. அந்த உழைப்பை மதிக்கிறேன். இந்த உலை நன்றாக ஓட வேண்டும் என்றே விரும்புகிறேன்.

அதனால்தான் இதேபோல் சோடியத்தில் ஓடிய ஜப்பானின் மோஞ்சு ஈனுலை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1995 டிசம்பர் 8 அன்று அங்கே உலையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் இரண்டாம் சுற்றுக் குழாயில் செருகியிருந்த வெப்பமானி உறை, சோடியத்தின் ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து உடைந்தது. சில நூறு கிலோ சோடியம் கொட்டித் தீப்பிடித்தது. கதிர்வீச்சு வெளியே போகவில்லை, யாருக்கும் காயமும் இல்லை. பொறியியல் கண்ணால் பார்த்தால் சரிசெய்யக்கூடிய கோளாறுதான். ஆனால் நடத்திய நிறுவனம், சேதத்தைக் காட்டிய வீடியோவை வெட்டிச் சுருக்கி வெளியிட்டது. அது அம்பலமானதும் மக்களின் நம்பிக்கை போய்விட்டது. உலை மறுபடி இயங்க 2010 ஆயிற்று. 2016-இல் ஒரேயடியாக மூட முடிவெடுத்தார்கள்.

நீங்கள் அப்படி மறைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1985 முதல் ஓடும் உங்கள் சிறிய சோதனை ஈனுலையில் 2002-இல் 75 கிலோ சோடியம் கசிந்தது. அதைச் சரிசெய்து, என்ன நடந்தது என்று ஆய்வுக் கட்டுரையும் எழுதினீர்கள். எல்லாம் ஆங்கிலத்தில். புதுப்பட்டினத்தில் மீன் விற்கும் அக்காவுக்கும் சதுரங்கப்பட்டினத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும் அது எப்படிப் போய்ச் சேரும்? அவர்களுக்குக் கிடைப்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் வதந்திதான்.

கேட்பது இதுதான். உலை தானாக நின்றாலும், சோடியம் சொட்டினாலும், பம்ப் பழுதானாலும், 24 மணி நேரத்துக்குள் என்ன நடந்தது, எவ்வளவு, எங்கே, வெளியே ஏதாவது போனதா என்று தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். சுற்றுக் கிராமங்களின் ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். சின்ன விஷயம்தானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். சின்னச் சின்னச் சொட்டையும் சொல்லிப் பழகினால்தான் பெரிதாக ஒன்று நடக்கும் நாளில் நீங்கள் சொல்வதை ஊர் நம்பும். அப்புறம், எழுதியவரே மாதம் ஒருநாள் வந்து உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். உங்களில் தமிழ் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

அடுத்த ஈனுலைகளையும் கல்பாக்கத்திலேயே கட்டத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே முதல் பக்கத்தை ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உலைக்குப் பக்கத்து ஊர்க்காரன்